ஒரே மூச்சில் எத்தனை எண்ணலாம்? கழுத்து முறிவுக்குப் பின்னான எங்கள் அனுபவங்கள்

கிளிநொச்சியிலிருந்து ஓர் அக்கா:

2021ஆம் ஆண்டு ஆவணி மாதம், இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றியிருந்ததைக் கவனிக்காமல் தலைகீழாகப் பாய்ந்த என் தம்பிக்குக் கழுத்தின் நான்காம், ஐந்தாம் எலும்புகள் முறிந்தன. உடனிருந்த நண்பர்கள் பதறிப்போய்க் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள். கழுத்தை அசையவிடாமல் பிடித்திருக்க வேண்டும் என்பது அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வைத்தியசாலைக்குப் போகும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவன், இரவானதும் ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி நிறுத்தி மூச்செடுக்கத் தொடங்கினான். விடிவதற்குள் மூச்சு இயந்திரத்தில் போட்டுவிட்டார்கள். காயத்தைச் சுற்றிய வீக்கம் முதல் ஓரிரு நாட்களில் மேல்நோக்கி ஏறக்கூடும் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்.

கொரோனாக் காலம் என்பதால் உள்ளே போக அனுமதியில்லை. மூன்றாம் வாரம் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். இனி வாழ்நாள் முழுவதும் இயந்திரம்தான் என்று ஒருவர் எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொன்ன விதத்தை இன்னமும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் இயன்மருத்துவர் அப்படி நினைக்கவில்லை. காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் என்று இயந்திரத்தைக் கழற்றி விடுவார். ஐந்து பத்தாகி, பத்து அரை மணியாகி, ஒருநாள் சளி அடைத்து மறுபடியும் ஐந்துக்கே திரும்பி, இப்படி ஏறியும் இறங்கியும் நாற்பத்தொரு நாட்கள் சென்ற பின்னரே ஓர் இரவு முழுவதும் தானாக மூச்செடுத்தான்.

எல்லோருக்கும் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. மூச்சு முட்டுகிறவரை நிமிர்த்தி இருத்துவதுதான் எங்கள் வழக்கம். தம்பியை நிமிர்த்தியபோதோ உதடு நீலம் பாரித்தது. தட்டையாகப் படுக்க வைத்ததும் தெளிந்தான். வயிற்றுத் தசைகள் செயலிழந்திருப்பதால், இருக்கும்போது குடல் முன்னே சரிந்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் இருந்து மூச்சை இழுக்கும் தசையான பிரிமென்றகடும் கூடவே கீழிறங்கிவிடுகிறதாம். ஏற்கெனவே இறங்கிக் கிடப்பது மூச்செடுக்க இன்னும் எவ்வளவுதான் இறங்கும்? வயிற்றைச் சுற்றிப் பட்டி கட்டினால் அது மேலே தாங்கப்படும். பட்டி வந்து சேரும்வரை அம்மா ஒரு பழைய சாரத்தை நீளவாக்கில் மடித்துச் சுற்றிவிட்டார். முதல் நாள் விலா எலும்புக்கு மேலும் சேர்த்துச் சுற்றியதால் அவனுக்கு இன்னும் மூச்சு முட்டியது. இடுப்பெலும்பிலிருந்து விலாவுக்குக் கீழே வரைதான் சுற்ற வேண்டும்.

2022 மாசியில் குழாயுடனேயே வீட்டுக்கு வந்தோம். அடுத்த மாதமே நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. சளி உறிஞ்சும் இயந்திரம் மின்சாரத்தில்தான் இயங்கும். ஜெனரேற்றருக்கு ஊற்ற எண்ணெயும் இல்லை. காலால் மிதிக்கும் பம்பி ஒன்றை ஒருவர் இரவல் தந்தார். இருட்டில் அம்மா கைவிளக்கைப் பிடித்திருக்க நான் மிதித்த இரவுகளில், அவனுடைய தொண்டையிலிருந்து வரும் கரகரப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் காதாலேயே அறியப் பழகினேன்.

குழாயை எடுத்த பிறகு, இருமத் துணை செய்யக் கற்றுத் தந்தார்கள். தொப்புளுக்கு மேலே, விலாவுக்குக் கீழே இரு உள்ளங்கைகளையும் வைத்து, அவன் மூச்சை நிறைய இழுத்து இருமும் அதே கணத்தில் உள்ளேயும் மேலேயும் அழுத்த வேண்டும். சாப்பிட்டவுடன் செய்யக் கூடாது. இருவருக்கும் நேரம் பொருந்த ஒரு கிழமை எடுத்தது. முதன்முறை சளி வாய்வரை வந்தபோது அவன் என்ன செய்வதென்று தெரியாமல் எங்களைப் பார்த்தான். "துப்படா ராசா" என்றார் அம்மா.

தம்பி பள்ளிக்கூடத்தில் சடுகுடு விளையாடியவன். ஆகையால் ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது என்று பார்க்கும் பயிற்சி அவனுக்குப் பிடித்துக்கொண்டது. நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் நான் குறித்து வைத்திருக்கிறேன்: குழாய் எடுத்த கிழமை 6, ஆடியில் 19.

மல்லாவியிலிருந்து ஓர் அண்ணா:

தங்கச்சி, நான் 2009இல் ஷெல் துண்டு பட்டு, ஆறாம் எலும்பின் மட்டத்தில் பாதிக்கப்பட்டவன். எனக்கு மூச்சு இயந்திரம் தேவைப்படவில்லை. ஆனால் முதல் மாதங்களில் மூச்சை இழுக்கும்போது வயிறு எழும்ப, நெஞ்சு உள்ளே குழியும். பிறகு உடலெங்கும் இறுக்கம் வந்தது. கால்கள் துள்ளி நித்திரையைக் கெடுப்பதால் நாங்கள் எல்லோரும் திட்டித் தீர்க்கும் அதே இறுக்கந்தான், விலாவிடைத் தசைகளையும் விறைக்கச் செய்து, நெஞ்சு குழியாமல் தடுத்தது. கெட்டதிலும் ஒரு காரியம் நடந்திருக்கிறது.

காலபோக அறுவடையில் வெட்டு இயந்திரங்கள் வயலில் இறங்கினால் நான் வீட்டின் மறுபக்கத்துக்குப் போய்விடுவேன். நெல் தூசி மற்றவர்களுக்கு இரண்டு இருமல். எனக்கு இரண்டு கிழமைக் காய்ச்சல். இன்னொன்று: காலையில் தலையிடியும், பகலெல்லாம் தூக்கமும் இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். நான் நித்திரையில் குறட்டையை நிறுத்திவிட்டு மூச்சே எடுக்காமல் கிடப்பதை மனைவிதான் கண்டுபிடித்தார். அதுவரை நித்திரைக் குளிசை கேட்டு வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தேன். மூச்சு மந்தமானவர்களுக்கு அது ஆபத்தானது.

வவுனியாவிலிருந்து, இயன்மருத்துவப் பிரிவில் பணியாற்றிய ஒருவர்:

இருவருடைய அனுபவமும் ஏன் வேறுபட்டது என்று எழுதலாமென நினைக்கிறேன். பிரிமென்றகட்டை இயக்கும் நரம்பு, முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாணின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் கழுத்து மட்டங்களிலிருந்து புறப்படுகிறது. அண்ணாவுக்கு அது முழுவதும் தப்பியது. தம்பிக்குப் பாதி வீக்கத்தில் அமுங்கியிருந்து பின்னர் மீண்டிருக்க வேண்டும். காயம் முதலிரு மட்டங்களில் முழுமையாக இருந்தால், மூளையிலிருந்து வரும் கட்டளையே நரம்பின் வேர்களை எட்டாது. நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 1995இல் குதிரையிலிருந்து விழுந்தபோது நேர்ந்தது அதுதான். 2003இல் அவருடைய பிரிமென்றகட்டில் மின்முனைகளைப் பொருத்தி, சில மணித்தியாலங்கள் இயந்திரமின்றி மூச்செடுக்க வழி செய்தார்கள்.

முண்ணாணின் ஒரு பக்கம் மட்டும் அறுந்தால், மறுபக்கத்திலிருந்து கடந்து வரும் உறங்கிக் கிடக்கும் பாதைகள் விழித்துக்கொள்ள முடியும் என்பதைப் போர்ட்டர் என்பவர் 1895இலேயே விலங்குகளில் காட்டினார். அந்த வழியில் போனவர்கள், தழும்பைக் கரைக்கும் ஒரு நொதியத்தைக் கொண்டு எலிகளில் மூச்சைத் திரும்பக் கொண்டுவந்ததாக 2011இலும், காயம் பட்டு ஒன்றரை ஆண்டு கடந்த எலிகளிலும் அது முடிந்ததாக 2018இலும் வெளியிட்டார்கள். இவை எலிகளில் கண்டவை. இதைக் காட்டி, குணமாக்கலாம் என்று சொல்லிக் குடும்பங்களைக் காணி விற்க வைக்கும் முகவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பணத்துக்கு வீட்டில் ஒரு நல்ல சளி உறிஞ்சியும், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பையும் (Ambu bag), காற்று மெத்தையும் வாங்கலாம்.

தங்கச்சி, இப்போது தம்பியின் எண்ணிக்கை எவ்வளவு?

கிளிநொச்சியிலிருந்து அதே அக்கா:

இன்று காலை 31 என்றான். வேகமாக எண்ணிக் கள்ளம் செய்கிறான் என்று அம்மா முறையிட்டதால், சுவர்க்கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்து எண்ணச் சொன்னோம். 22 வந்தது. நாட்காட்டியில் இரண்டையும் எழுதச் சொல்லி இன்னமும் சண்டை பிடிக்கிறான்.