தண்ணீர் கலந்ததென்று நினைத்த ஜெவ்ரே-ஷாம்பெர்த்தான்

டிஜோனிலிருந்து ஓர் உறுப்பினர்:

பிரான்ஸின் இந்த நகரில், உணவகமொன்றில் 11 ஆண்டுகளாகச் சமையலறை வேலை பார்க்கிறேன். யாழ்ப்பாணத்தில் பனங்கள்ளைத் தவிர வேறொன்றும் அறியாமல் வந்த எனக்கு, சிவப்பு வைன் என்றால் இரத்தச் சிவப்பாகவும், நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்போடும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எப்படியோ ஏற்பட்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதலாண்டில் ஓர் இரவு, விருந்தினர் பாதியில் விட்டுப்போன போத்தலிலிருந்து வைன் பரிமாறுபவர் எனக்குச் சிறிது ஊற்றித் தந்தார். அது இங்கிருந்து தெற்கே உள்ள ஜெவ்ரே-ஷாம்பெர்த்தான் என்ற ஊரின் பெயரிலேயே விற்கப்படும் 14 ஆண்டுகள் பழைய சிவப்பு வைன். கோப்பைக்குப் பின்னால் இருந்த என் விரல்கள் அதனூடாகத் தெளிவாகத் தெரிந்ததால், யாரோ தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஒரே மூச்சில் பாதியைக் குடித்தேன். புளிப்பைத் தவிர எதுவும் தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டு, மீதியைத் தட்டுகள் கழுவி முடியும்வரை தொடாமல் வைக்கச் சொன்னார்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கோப்பையை எடுத்தபோது, அதை யாரோ மாற்றிவிட்டார்களோ என்று ஐயுறும்படி மணம் மாறியிருந்தது. முதலில் செர்ரிப் பழம். அதன் அடியில், மழைக்குப் பிறகு காட்டில் சருகுகளைக் கிளறினால் எழும் ஈர வாடை. கடைசியில் காளானும் பழைய தோல் பையும் சேர்ந்ததுபோன்ற ஒன்று. வாயில் வைத்தால் எடையே இல்லை, ஆனால் விழுங்கிய பிறகும் அந்தச் சுவை நெடுநேரம் நாவை விட்டுப் போகவில்லை.

நிறம் ஏன் வெளிறியிருந்தது என்பதைப் பின்னர் தெரிந்துகொண்டேன். பூர்கோஞ் (பர்கண்டி) எனப்படும் இந்தப் பகுதியின் உயர்ந்த சிவப்பு வைன்கள் பினோ நுவார் என்ற ஒரே வகைத் திராட்சையிலிருந்து செய்யப்படுகின்றன. வைனின் நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலிலிருந்து வருபவை. பினோ நுவாரின் தோல் மெல்லியது. தடித்த தோலுடைய கபெர்னே சொவிஞோன் திராட்சை மிகுந்த, போர்தோ என்ற பகுதியின் வைனை இளமையில் குடித்தால், கொட்டைப்பாக்கை மென்றதுபோல் ஈறுகள் இறுகும். இங்கோ, அளவாகச் சாயம் இறங்கிய வெறுந்தேநீரின் துவர்ப்புதான். வைனை நிமிர்த்தி நிறுத்துவது அதன் புளிப்பு.

விடுமுறை நாள்களில் மிதிவண்டியில் தெற்கு நோக்கிப் போவேன். வலப்பக்கம் கிழக்கு பார்த்த சரிவில் சுண்ணாம்புக்கல் மண். அதன் நடுப்பகுதியில்தான் கிராங் க்ரூ எனப்படும் முதல்தரத் தோட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. ஜெவ்ரே ஊரில் மட்டும் அப்படி 9 உள்ளன. தன் மிகப் புகழ்பெற்ற தோட்டத்தின் பெயரை 1847-இல் இந்த ஊர் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அந்தத் தந்திரத்தின் பயனாக, நெடுஞ்சாலைக்கு இடப்பக்கம் சமதரையில் விளையும் சாதாரண வைனும் ஷாம்பெர்த்தான் என்ற சொல்லைச் சுமந்துகொண்டு விற்பனைக்கு வருகிறது. வாங்குவோர் போத்தலில் ஒட்டிய சிட்டையை முழுவதும் வாசிக்க வேண்டும்.

உணவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உள்ளூர்க்காரர்கள் இதனுடன் எப்வாஸ் என்ற பாலாடைக்கட்டியைப் பரிந்துரைப்பார்கள். அந்தக் கட்டியின் வீச்சத்துக்கு முன்னால் நல்ல வைன் வாய்திறப்பதில்லை என்பது என் கருத்து. நம் மிளகாய்த்தூள் போட்ட ஆட்டிறைச்சிக் கறியோடு ஒருமுறை முயன்றேன். காரமும் மதுவின் சூடும் சேர்ந்து எரிந்ததைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை. உப்பும் வெண்ணெயும் மட்டும் தடவிச் சுட்ட கோழியே போதும்.

லியோனிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணா சொன்ன சரிவில்தான் குளோ து வூஜோ என்ற மதில் சூழ்ந்த தோட்டமும் இருக்கிறது. சித்தோ மடத்துத் துறவிகள் உருவாக்கிய சுமார் 50 எக்டேர் நிலம் அது. பிரெஞ்சுப் புரட்சியின்போது திருச்சபையின் சொத்துகள் பறிக்கப்பட்டு விற்கப்பட்டன. அதன்பின் விற்பனையாலும், பிள்ளைகளுக்குச் சமபங்கு என்ற வாரிசுச் சட்டத்தாலும் துண்டு துண்டாகி, இன்று ஏறத்தாழ 80 பேர் அதற்கு உரிமையாளர்கள். சிலரிடம் இருப்பவை சில வரிசைக் கொடிகள் மட்டுமே.

போன் நகரில் (தொலைபேசி அல்ல, ஊரின் பெயரே அதுதான்) ஒரு நிலவறையில், இந்த ஒரே தோட்டத்தின் மூன்று வைன்களை, ஒரே ஆண்டுடையவற்றை, அடுத்தடுத்துச் சுவைக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மதிலுக்குள் சரிவின் மேற்பகுதி நிலமே சிறந்தது, கீழே சாலையை ஒட்டிய மண்ணில் நீர் வடியாது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆகவே மேல்துண்டின் வைனுக்காகக் காத்திருந்தேன். அது வழவழப்பாக இருந்தது, பீப்பாய் மரத்தின் வனிலா மணம் பழத்தை மூடியிருந்தது; அவ்வளவுதான். கீழ்த்துண்டின் வைனோ சற்று முரடாகத் தொடங்கி, பத்து நிமிடத்தில் ராஸ்பெர்ரியும் சிறு மிளகுவாசமுமாக விரிந்தது. அதைச் செய்தவர் காய்ப்பைக் குறைத்து, புதிய பீப்பாய்களைக் குறைவாகப் பயன்படுத்துபவராம். மண்ணைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, செய்பவரின் கையைப் பற்றி ஏன் அதில் பாதிகூடப் பேசுவதில்லை என்று அன்று தோன்றியது.

ஒரு கசப்பான அனுபவமும் உண்டு. பெயர் சொல்ல விரும்பாத ஓர் உணவகத்தில், திருமண நாளுக்காகச் சேமித்த பணத்தில் வாங்கிய போத்தலில் நனைந்த அட்டைப்பெட்டியின் நாற்றம் அடித்தது. தக்கை கெட்டதால் வருவது அது. பிரெஞ்சில் புஷோனே என்பார்கள். காற்றுப் பட்டால் சரியாகிவிடும் என்று பரிமாறியவர் வாதிட்டார். அந்த நாற்றம் காற்றில் போவதில்லை. முதல் சிறு ஊற்றை முகரத் தருவதே இதற்காகத்தான், எனவே தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

புதுச்சேரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

பாரிஸில் குடியேறிய என் மகள் ஒரு போத்தல் கொண்டுவந்தாள். சிவப்பு வைனை அறையின் வெப்பத்திலேயே அருந்த வேண்டும் என்று எங்கோ படித்ததை நம்பி, மே மாதத்தில் மேசைமேல் வைத்துத் திறந்தேன். மது நெடி மூக்கில் ஏறியது, பழம் வெந்த ஜாம்போல் இருந்தது. அந்த அறிவுரை, குளிர்ந்த கல்வீடுகளில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர்களின் அறையைக் குறித்தது என்பது பிறகுதான் விளங்கியது. எஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுத்தபோது, டிஜோன் தம்பி சொன்ன செர்ரி மெல்ல எட்டிப் பார்த்தது. 16 பாகை செல்சியஸ் அளவில் பரிமாற வேண்டும் என்று மகள் சொல்கிறாள். திறந்த போத்தல் எத்தனை நாள் தாங்கும் என்று யாராவது சொல்ல முடியுமா?

டிஜோனிலிருந்து மீண்டும்:

ஐயா, தக்கையால் மூடிக் குளிரில் வைத்தால் இளம் வைன் மறுநாளும் நன்றாகவே இருக்கும். பழையதை அன்றே முடித்துவிடுவது நல்லது. மூன்றாம் நாள் மிஞ்சினால் வெங்காயமும் பன்றியிறைச்சித் துண்டுகளும் சேர்த்துப் பாதியாகச் சுண்ட வைத்து, அதில் முட்டையை உடைத்துவிட்டு வேகவிடுங்கள். இந்த ஊரில் அதற்கு மெரெத் என்று பெயர். எங்கள் சமையலறையில் நான் முதலில் கற்றுக்கொண்ட உணவும் அதுவே.