அமேடியஸ் தெரியும், அனுபவம் இல்லை: பெங்களூரில் டிக்கெட்டிங் சீட்டுக்கு எது வழி?

டிராவல்ஸ் துறையில் இருக்கிறவங்க வழி சொல்லுங்க. வயசு 31, இருப்பது அல்சூர். பேங்க் கேஒய்சி பேக் ஆஃபீஸில் 7 வருஷம். டிக்கெட்டிங்குக்கு மாற முயற்சி பண்ணி அஞ்சு மாசம் ஆச்சு.

அயாட்டா (சர்வதேச விமான நிறுவனங்களோட சங்கம்) ஃபவுண்டேஷன் டிப்ளமோ முடிச்சாச்சு. அமேடியஸ் (ஏஜென்சிகள் டிக்கெட் போடற சாஃப்ட்வேர்) பயிற்சி ஸ்கிரீனில் ஏஎன்னு கமாண்ட் போட்டு சீட் பார்த்து, பேர், செக்மென்ட் (எந்த ஃப்ளைட்னு), போன் நம்பர், டிக்கெட்டிங் தேதி, ஆர்எஃப் (யார் கேட்டதுன்னு)னு பிஎன்ஆரை, அதாவது புக்கிங் பதிவை, முடிக்கிற வரைக்கும் கை பழகிடுச்சு. 22 இடத்துக்கு ரெஸ்யூமே, 4 இன்டர்வியூ.

நாலிலும் மாட்டினது ரீஇஷ்யூவில்தான், அதாவது போட்ட டிக்கெட்டை மாத்தி புதுசா போடறதில். கட்டண வித்தியாசம், மாற்றக் கட்டணம், புதுசா கணக்குப் போடற வரி, மூணும் சரியா வரணும். ஒண்ணு தப்பினாலும் ஏர்லைன் ஏஜென்சிக்கு ஏடிஎம், அதாவது குறைஞ்ச பணத்தைக் கட்டச் சொல்ற ஏஜென்சி டெபிட் மெமோ, அனுப்பிடும் (இது பணம் தர்ற ஏடிஎம் இல்லை, பிடுங்கற ஏடிஎம்!). புது ஆளை லைவ் ஸ்கிரீனில் உட்கார வைக்கத் தயங்கறது நியாயம்தான். ஆனா பயிற்சி ஸ்கிரீனில் நிஜ டிக்கெட் இல்லாம ரீஇஷ்யூ எப்படிப் பழகறது?

இப்போ கையில் ரெண்டு ஆஃபர்:

விசா டெஸ்க், 18,000. ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகளுக்கான விசா) ஃபைலில், பயணி திரும்பற தேதிக்கு அப்புறம் பாஸ்போர்ட் 3 மாசம் செல்லுமா, இன்ஷூரன்ஸ் 30,000 யூரோ இருக்கான்னு பார்க்கிற வேலை. கேஒய்சி மாதிரிதான், சுலபமா வரும்.

ஏர்லைன் வாய்ஸ் சப்போர்ட், நைட் ஷிஃப்ட், 23,000. தினம் தேதி மாத்தற கால்தான். ஆனா பட்டனை அமுக்கினா கணக்கை சிஸ்டமே போட்டுடும், கமாண்ட் கண்ணில் படாது.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லணும். ஒரு வருஷம் கழிச்சு டிக்கெட்டிங்குக்குப் போகணும்னா, இந்த ரெண்டில் எதை ஏஜென்சிக்காரங்க அனுபவமா எடுத்துக்குவாங்க?