புதுப்பிப்பு: கல்லீரல், சிறுநீரகம் சேர்த்து மாற்றிய பின் கிரியேட்டினின் ஏறியதற்குக் காரணம் தெரிந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஒரே கொடையாளரின் கல்லீரலும் சிறுநீரகமும் பொருத்திய அண்ணனுக்குக் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு, ரத்தத்தில் ஏறினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளம்) ஏறுகிறதே, உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கிறதா என்று கேட்டிருந்தேன்.

நிராகரிப்பு இல்லை. "டாக்ரோலிமஸ் (நிராகரிப்பைத் தடுக்கக் கொடுக்கும் மருந்து) அளவைப் பாருங்கள், புதிதாகச் சேர்ந்த மருந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. காலை மாத்திரைக்கு முன் எடுத்த ரத்தத்தில் டாக்ரோலிமஸ் மிக அதிகம். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுத்த ஃப்ளுகோனசோல், அதைச் சிதைக்கும் நொதியைத் தடுத்திருக்கிறது. தேங்கிய மருந்து சிறுநீரக ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிட்டது. மருத்துவர் டோஸைக் குறைத்ததும் கிரியேட்டினின் இறங்கியது. தயவுசெய்து யாரும் தாமாகக் குறைக்காதீர்கள், நிஜமான நிராகரிப்பு அப்படித்தான் வரும்.

நான் எதிர்பாராதது: கல்லீரல், அதே கொடையாளரின் சிறுநீரகத்துக்கு ஓரளவு காவல் நிற்கிறது. கொடையாளரின் உறுப்பைத் தாக்கும்படி ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்பான்களில் ஒரு பகுதியை அது உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் எச்எல்ஏ (தன் செல், அயல் செல் என்று உடல் பிரித்தறிய உதவும் புரதங்கள்) இரண்டாம் வகைக்கு எதிரான எதிர்ப்பான்கள் அதிகமிருந்தால் இந்தக் காவல் சரியாக எடுபடாது. அதையும் சோதித்தார்கள், அண்ணனுக்கு இல்லை.

அப்புறம், ஃப்ளுகோனசோலை நிறுத்தியதும் டாக்ரோலிமஸ் அளவு சரியும், டோஸைத் திரும்பக் கூட்ட வேண்டிவரும். அந்த வாரத்துக்கான ரத்தப் பரிசோதனையை இப்போதே குறித்து வாங்கிவிட்டோம்.