புதுப்பிப்பு: பிரித்துக் கட்டிய பூட் இமேஜ் கடைசியில் ஏறிவிட்டது

சேரன்மகாதேவி வயல் மோட்டார் அருகே வைக்கப்போகும் பழைய போனுக்கு, யூஎஸ்பி சீரியல் இயக்கி சேர்த்த கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) பழையதற்குப் பதிலாக வைக்க வேண்டும், ஆனால் திரும்பக் கட்டிய பூட் இமேஜில் (போன் தொடங்கும்போது ஏற்றும், கெர்னலும் அடங்கிய கோப்பு) போன் லோகோவிலேயே நின்றுவிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது ஓடுகிறது.

"முதலில் தலைப்புப் பகுதியின் பதிப்பைப் பாருங்கள்" என்று சொன்ன தென்காசி அண்ணாச்சிக்கு நன்றி. போனில் இருப்பது ஆண்ட்ராய்டு 11. பூட் இமேஜின் தலைப்பு, அதாவது உள்ளே இருப்பவற்றின் அளவுகளைச் சொல்லும் தொடக்கப் பகுதி, பதிப்பு 3. நான் பயன்படுத்திய கருவிக்குப் பதிப்பு 2 வரைதான் தெரியும். பதிப்பு எண் எல்லாப் பதிப்புகளிலும் 40ஆவது பைட்டில்தான் இருக்கிறது. ஆனால் மற்ற புலங்கள் இடம் மாறிவிட்டன. 16ஆவது பைட்டில் முன்பு ராம்டிஸ்கின் (போன் தொடங்கத் தேவையான சிறு கோப்புத் தொகுப்பு) அளவு இருந்தது. பதிப்பு 3இல் அங்கே இயங்குதளப் பதிப்பு இருக்கிறது. அந்த எண்ணை அளவாக எடுத்துக்கொண்டு வெட்டினால் ராம்டிஸ்க் எப்படி உருப்படும்? இதைப் பிழையென்று சொல்லாமல் "முடிந்தது" என்று காட்டும் கருவியை யாரும் நம்ப வேண்டாம்.

மேஜிஸ்க்பூட் என்ற வேறு கருவியால் பூட் இமேஜைப் பிரித்து, கெர்னலை மட்டும் மாற்றிக் கட்டினேன். ராம்டிஸ்கைத் தொடவே இல்லை. விண்டோஸ் கோப்புறையில் அதை விரித்தால் லினக்ஸ் கோப்பு அனுமதிகள் தொலைந்துபோகும்.

பூட்லோடரின் (போனைத் தொடங்கிவைக்கும் நிரல்) பூட்டைத் திறந்த போன் வைத்திருப்பவர்கள், ஃபிளாஷ் செய்யும் முன், அதாவது போனில் நிரந்தரமாக எழுதும் முன், கணினியிலிருந்து 'ஃபாஸ்ட்பூட் பூட்' கட்டளையால் ஒருமுறை தற்காலிகமாக ஏற்றிப் பாருங்கள். சில போன்கள் இதை ஏற்பதில்லை. அசல் இமேஜின் நகலும் கணினியில் இருக்கட்டும்.