பணம் முதலில் ராக்கெட்டுக்கா, ஆய்வகத்துக்கா?

நெடுவானம்:
விண்வெளிக்குக் கொட்டும் பணம் வீண் என்பவர்கள் 1999 ஒடிசா புயலையும் 2013 பைலின் புயலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் ஏறத்தாழ 10,000 பேர் செத்தார்கள். பைலின் வருவது முன்பே தெரிந்து லட்சக்கணக்கானவர்களை வெளியேற்றியதால் சாவு சில பத்துகளோடு நின்றது. அதில் செயற்கைக்கோளுக்கும் பங்கு உண்டு. சந்திரயான்-3க்கு ஆனதே சுமார் 615 கோடிதான், இன்னும் அள்ளிக் கொடுக்கலாம்.

ஆய்வகவாசி:
வீண் என்று நான் சொல்லவே இல்லை அண்ணா. அறிவியல் என்றாலே ராக்கெட் மட்டும்தான் என்று ஆகிவிட்டது, அதுதான் வருத்தம். இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதம், தென்கொரியா 4 சதவீதத்துக்கு மேல். அந்தக் கொஞ்சத்திலும் ராணுவம், விண்வெளி, அணுசக்தி எல்லாம் எடுத்தது போக மிச்சம்தான் பல்கலைக்கழகத்துக்கு. நான் வேதியியலில் பிஎச்டி செய்கிறேன். 2023இல் உதவித்தொகையை மாதம் 37,000 ஆக்கினார்கள், சந்தோஷம், ஆனால் எனக்கு ஏழு மாதம் அது வரவே இல்லை, வீட்டில் கடன் வாங்கித்தான் ஓட்டினேன்.

நெடுவானம்:
கஷ்டம்தான் தம்பி, ஆனால் அது இஸ்ரோவின் தப்பா? ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கவென்றே 2023இல் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குச் சட்டமே வந்துவிட்டதே, ஐந்து ஆண்டுக்கு 50,000 கோடி!

ஆய்வகவாசி:
அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து, முக்கியமாகத் தனியாரிடமிருந்து வர வேண்டும் என்பதுதான் திட்டம். பலன் எப்போது வரும் என்றே தெரியாத அடிப்படை ஆராய்ச்சிக்கு எந்தக் கம்பெனி காசு போடும்?

கடலோரம்:
தூத்துக்குடி மாவட்டத்தில் இஸ்ரோவின் புது ஏவுதளத்துக்கான குலசேகரப்பட்டினத்தை மறந்துவிட்டீர்களே. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவங்களுக்கு மேலே சுற்றும் பாதைக்குத் தெற்கே கிளம்பும் ராக்கெட் இலங்கைக்கு மேலே போகாமல் வளைந்து போக வேண்டும், அந்த வளைவிலேயே எரிபொருள் தீரும், எஸ்எஸ்எல்வி மாதிரி சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். குலசையிலிருந்து நேரே தெற்கே விடலாம். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதே ஆண்டு மே மாதம் அக்னிகுல் என்ற தனியார் நிறுவனம் முப்பரிமாண அச்சில் (3டி பிரிண்டிங்) ஒரே துண்டாகச் செய்த எஞ்சினோடு ராக்கெட் விட்டது. அந்த நிறுவனம் எங்கே முளைத்தது? சென்னை ஐஐடியில். அப்படிப் பார்த்தால் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆய்வகம் இல்லாமல் ஏவுதளம் மட்டும் கட்டி என்ன செய்ய?

ஆய்வகவாசி:
சரியாகச் சொன்னீர்கள். ஆனால் ஐஐடியில் இருக்கும் வசதி மாநிலப் பல்கலைக்கழகங்களில் எத்தனையில் இருக்கிறது? நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது அங்கேதான்.

நெடுவானம்:
சரி, இதை ஒப்புக்கொள்கிறேன். விண்வெளிக்குக் கொடுப்பதில் ஒரு ரூபாய் குறைக்கவும் சம்மதிக்க மாட்டேன், அது வேறு. ஆனால் அரசு தன் பங்கான 14,000 கோடியை ஏற்றி, அதில் ஒரு பகுதியை மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கென்றே ஒதுக்கட்டும். அப்புறம் உதவித்தொகை, அது மாதச் சம்பளம் மாதிரி முதல் தேதியே வர வேண்டும் தம்பி.