குறைந்த விலை டயர் போட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். வண்டி மாருதி ஸ்விஃப்ட், டயர் அளவு 165/80 ஆர்14. நாலும் 1.6 மி.மீ. தேய்மான அடையாளத்தைத் தொட்டுவிட்டன. எம்ஆர்எஃப், அப்போலோ, சியட் விலை விசாரித்தாயிற்று. கடைக்காரரோ அவற்றைவிட மலிவாக, நான் கேள்விப்படாத ஒரு டயரைக் காட்டி "நல்லா ஓடும் சார்" என்கிறார். எல்லா டயருக்கும் அதைத்தான் சொல்வார், அது வேறு விஷயம்.

பக்கவாட்டில் தயாரிப்பு எண் 1823, அதாவது 2023-இன் 18-ஆவது வாரம். மலிவுக்கு இந்தப் பழசும் ஒரு காரணமோ?

கோவையிலிருந்து ஊட்டிக்கு அடிக்கடி போவேன். குன்னூர் மலைப்பாதையில் மழையோடு இறங்கும்போது பிரேக் எப்படிப் பிடிக்கும் என்பதுதான் கவலை. சத்தம் கொஞ்சம் வந்தால் பரவாயில்லை. இப்படிப்பட்ட டயரில் முப்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டியவர்கள் உண்டா? பக்கவாட்டில் வீக்கம் வந்ததா? எந்த டயர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.