ஸ்னேர் பெட்: கம்பிக்காடியா, கம்பிப்படுகையா, கம்பித்தணிவா?

அன்பர்களுக்கு வணக்கம்.

மரத்தால் ஸ்னேர் ட்ரம் (அடித்தோலில் கம்பிகள் அதிரும் மேற்கத்திய முரசு) செய்யும் முறைக்கான சொற்பட்டியலில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. முரசின் உருளைச் சுவரான ஷெல்லுக்குக் கூடு. தோல் அமரும் விளிம்பான பேரிங் எட்ஜுக்குத் தாங்குவிளிம்பு. அடித்தோலின் மேல் படியும் சுருள்கம்பி வரிசையைக் கம்பித்தொகுதி என்று வைத்துக்கொண்டோம். கம்பித்தொகுதியை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் ஸ்ட்ரெய்னரை அப்படியே விட்டுவிடலாம், கடையில் அப்படிக் கேட்டால்தான் கிடைக்கும். தீராமல் இருப்பவை இரண்டு: ஸ்டேவ் (கூட்டை உருவாக்க ஒட்டும் நீளவாக்குத் துண்டு), ஸ்னேர் பெட் (கம்பித்தொகுதி கடக்கும் இடத்தில் கீழ்விளிம்பைத் தாழ்த்துவது). பின்னதற்குக் கம்பிக்காடி, கம்பிப்படுகை என்று இரண்டு முன்மொழிவுகள் உள்ளன. எது சரி?

அன்புடன்.

—

மறு: ஸ்னேர் பெட்

வணக்கம்.

ஸ்டேவுக்குப் "பத்தை" என்பேன். எலும்பு முறிவுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிறோம், தேங்காயைப் பத்தை போடுகிறோம். வட்டமான ஒன்றின் நீளவாக்குத் துண்டு என்ற பொருள் அதில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே பலகையை ஆவியில் வளைத்துச் செய்யும் கூடு (அமெரிக்க நிறுவனமான ஸ்லிங்கர்லேண்டின் ரேடியோ கிங் என்ற ஸ்னேர் ட்ரம் இந்த வகை) வளைகூடு. பத்தைகளை ஒட்டிச் செய்வது பத்தைக்கூடு. கட்டை என்ற சொல்லை இங்கே கொண்டுவர வேண்டாம். மிருதங்கக்கட்டை ஒரே மரத்தைக் குடைந்தது. இதன் வேலையே வேறு.

எவ்வளவு வேறு என்பதற்கு 14 அங்குலப் பத்தைக்கூட்டை எடுத்துக்கொள்வோம். 20 பத்தைகள் என்றால் ஒவ்வொன்றின் இரு ஓரமும் 9 பாகை சாய்வு (180-ஐப் பத்தைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது). பலகை 22 மி.மீ. தடிமன், பத்தையின் வெளிமுகம் ஏறத்தாழ 58 மி.மீ. அகலம். ரம்பத்தின் சாய்வு 0.1 பாகை பிசகினால் 40 ஓரங்களில் அது 4 பாகை ஆகிவிடும், கடைசி மூட்டு வாயைப் பிளந்து நிற்கும். சுற்றிக் கட்டும் பட்டையை இறுக்கி அதை மூடப் பார்க்கக் கூடாது. மூடினாலும் மரத்துக்குள் இழுவிசை தங்கி, மழைக்காலம் போய் வெயில் வந்ததும் அந்த மூட்டுத்தான் முதலில் விடும். பத்துப் பத்தாக இரண்டு அரைவட்டங்களை ஒட்டி, அவற்றின் முனைகளைச் சமதளத்தில் வைத்துத் தேய்த்து, பிறகு இணைப்பதே வழி. ஒரு நாள் காயவிட்டுக் கடைசலில் ஏற்றி, வெளிவிட்டத்தை 352 மி.மீ.க்கும் சுவரை 10 முதல் 12 மி.மீ.க்கும் கொண்டுவர வேண்டும். 14 அங்குலம் என்பது சரியாக 355.6 மி.மீ. அந்த அளவுக்கே கடைந்தால் தோலின் வளையம் கூட்டைப் பிடித்துக்கொள்ளும், சுருதி ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் ஏறாது.

இனி ஸ்னேர் பெட். "காடி" கூடவே கூடாது. காடி என்று எழுதினால் தச்சர் இரண்டு பக்கமும் செங்குத்தாக வெட்டி எடுப்பார், அவர் மேல் குற்றம் இல்லை, அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். கூடு அத்தோடு கெட்டது. அடித்தோல் வெறும் 0.076 மி.மீ. மெல்லிய படலம், செங்குத்து விளிம்பில் சுருங்கி மடியும். இங்கே வேண்டியது கண்ணுக்கு எளிதில் தெரியாத சரிவு: ஆழம் 1.5 முதல் 3 மி.மீ., அகலம் 75 முதல் 125 மி.மீ. 20 இழைக் கம்பித்தொகுதியே ஏறத்தாழ 4 செ.மீ. அகலம்தான். மீதி அகலமெல்லாம் மெல்ல இறங்கி மெல்ல ஏறுவதற்கு.

"படுகை" தவறில்லை, ஆனால் அதில் கம்பி படுத்திருப்பதுபோல ஒலிக்கிறது. கம்பி அங்கே மரத்தில் படிவதில்லை. விளிம்பு தணிவதால் தோல் சற்று வளைந்து கொடுக்கிறது, கம்பித்தொகுதியின் முனைகள் தோலை விட்டுத் தூக்கி நிற்காமல் முழு நீளத்துக்கும் தோலோடு ஒட்டுகின்றன. தணிந்த இடம் என்று நிலத்தைச் சொல்கிறோமே, அதே பொருள். என் முன்மொழிவு: கம்பித்தணிவு.

—

மறு: மறு: ஸ்னேர் பெட்

பத்தையை மனமார ஏற்கிறேன், ஐயா. தணிவில் ஒரே ஐயம். இசை நூலில் தணிவு என்றால் சுருதி இறங்குவதாக வாசகர் எண்ணமாட்டாரா?

—

மறு: மறு: மறு: ஸ்னேர் பெட்

முதல் முறை வரும்போது "விளிம்பில் தேய்த்தெடுக்கும் கம்பித்தணிவு" என்று எழுதிவிட்டால் ஐயம் தீரும். "முகடு" என்ற சொல்லும் இதோடு வேண்டும். தாங்குவிளிம்பை உட்பக்கம் 45 பாகை சாய்த்து வெட்டும்போது தோல் தொடும் மெல்லிய கோடு அது. தணிவைத் தேய்க்கும்போது முகடு மழுங்கித் தட்டையாகிவிடுகிறது. பலர் அப்படியே விட்டுவிடுவதால்தான் அந்த இடத்தில் தோல் செத்து ஒலிக்கிறது, பழியோ கம்பியின் மேல் விழுகிறது. வழிகாட்டிக்கான வாசகம்:

"முதலில் கீழ்விளிம்பு முழுவதையும் சமதளமாக்குக. தடித்த கண்ணாடியின் மேல் கூட்டைக் கவிழ்த்து, உள்ளே விளக்கு வைத்து, இருட்டில் பார்த்தால் எங்கும் ஒளி கசியக் கூடாது. ஸ்ட்ரெய்னரும் எதிர்முனைப் பிடிப்பும் வரும் இரு இடங்களின் நடுவைக் குறிக்க. இரண்டும் கூட்டின் நடுவழியே நேருக்கு நேர் அமைய வேண்டும். அரைவட்ட அரத்தால் நடுவிலிருந்து இருபுறமும் தேய்த்துக் கம்பித்தணிவை 1.5 மி.மீ. வரை இறக்குக. உட்சாய்வைக் கையால் மறுபடி எடுத்து முகட்டை மீட்க. தோலையும் கம்பித்தொகுதியையும் மாட்டி மெல்லத் தட்டிக் கேட்க. கம்பியின் ஓரங்கள் இன்னும் தனியே சலசலத்தால் கழற்றி, கால் மி.மீ. வீதம் இறக்குக. எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது."